எட்டுத் தடவை கணக்கு: வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்குப் பதில்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகியரிடமிருந்து வந்த கடிதங்களில், தாய்ப்பால் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

ஓசூர் சிப்காட்டில் அசெம்பிளி லைனில் வேலை. வீடு காவேரிப்பட்டினம் பக்கம். காலை ஆறரைக்கு கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மூன்று வாரத்தில் லீவு முடிகிறது. "பால் எப்படியும் வற்றிடும், இப்பவே பவுடர் பாலுக்குப் பழக்கு" என்கிறார்கள். என்ன செய்வது?

வேலைக்குப் போவதால் பால் வற்றுவதில்லை. மார்பில் பால் தேங்கி நிற்பதால்தான் வற்றுகிறது. நிறைந்த மார்பு "போதும்" என்று தானே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். காலியாகும் மார்பு அடுத்த வேளைக்கு வேகமாகச் சுரக்கும். அதனால் ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், மார்பு எத்தனை தடவை காலியாகிறது என்பதைக் கணக்கு வையுங்கள். குழந்தை குடித்தாலும் சரி, நீங்கள் பீய்ச்சி எடுத்தாலும் சரி, இரண்டும் ஒரே கணக்குதான். இந்த வயதில் எட்டுத் தடவை இருந்தால் பயமில்லை. ஆறுக்குக் கீழே போனால் பல பேருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் குறைவு தெரிய ஆரம்பிக்கும்.

உங்கள் நேரத்துக்கு இப்படி அமையும்: காலை 5 மணிக்கு ஒன்று. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் 6.15-க்கு, குழந்தை அரைத் தூக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இன்னொன்று. கம்பெனியில் 10 மணி டீ பிரேக், 1 மணி சாப்பாடு, ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறும் முன் என மூன்று தடவை பீய்ச்ச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முகம், கை கழுவிவிட்டு நேராகக் குழந்தையிடம். பிறகு 9 மணிக்கு, நள்ளிரவில் ஒன்று. மொத்தம் எட்டு. நடுவில் ஒன்று தவறினால் தலை போகாது, இரவில் கூடுதலாக ஒன்று கொடுத்துச் சரிக்கட்டலாம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால், இரவுப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மா வேலைக்குப் போன பிறகு சில குழந்தைகள் பகலில் குறைத்து இரவில் அதிகம் குடிக்கும். தூக்கம் கெடும், ஆனால் சுரப்புக்கு அது நல்லது.

வீட்டில் எவ்வளவு பால் விட்டுப் போவது? தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். மணிக்கு 30 மில்லி என்று வைத்தால் உங்கள் பதினொன்றரை மணி நேரத்துக்கு 350 மில்லி. அதை 70 மில்லி வீதம் ஐந்து டப்பாவாகப் பிரித்து வையுங்கள். ஒரே டப்பாவில் 200 மில்லி வைத்தால் மிச்சமாகும் பாலைக் கொட்ட வேண்டிவரும்.

ஃப்ரீசர் நிறையச் சேமிக்க வேண்டும் என்று பதறத் தேவையில்லை. முதல் நாளுக்கு 350, அவசரத்துக்கு இன்னொரு 350, அவ்வளவே. இன்றிலிருந்து தினமும் காலைப் பால் கொடுத்து முடித்து அரை மணி கழித்து ஒரு முறை பீய்ச்சுங்கள். 35 முதல் 50 மில்லி வந்தாலே மூன்று வாரத்தில் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். வேலைக்குப் போன பிறகு இன்று கம்பெனியில் எடுத்தது நாளைக்கு. சனிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமைக்கு. ஞாயிறு முழுக்க நேரடியாக மார்பிலேயே கொடுங்கள்.

பாலை எடுத்து வர, கெட்டி மூடி போட்ட எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாக்களும், இரவு முழுக்க உறைய வைத்த ஐஸ் பேக் இரண்டு போட்ட கூல் பேக்கும் போதும். டப்பா ஐஸ் பேக்கைத் தொட்டபடி இருந்தால், பையை அடிக்கடி திறக்காதவரை 24 மணி நேரம் தாங்கும். கம்பெனி பஸ் தவறி கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போது மார்பு கனத்தால் தாய்ப்பால் ஊட்டும் அறையைப் பயன்படுத்துங்கள். 2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் திறந்த அறைகள் அவை. பூட்டியிருந்தால் நேரக்காப்பாளரிடம் கேளுங்கள்.

அரூரில் தனியார் பள்ளி ஆசிரியை. பம்ப் வாங்க வசதியில்லை. கையால் பீய்ச்சினால் 20 மில்லிக்கு மேல் வரவே மாட்டேன் என்கிறது. காம்பும் எரிகிறது.

பீய்ச்சும்போது காம்பு எரிந்தால் பெரும்பாலும் விரல் தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டை விரலை மேலேயும் ஆள்காட்டி விரலை கீழேயும், காம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பெரும்பாலோருக்கு அது கருவளையத்தின் ஓரமாக இருக்கும். முதலில் இரண்டு விரலையும் நேராக நெஞ்செலும்பு நோக்கி உள்ளே அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை விடாமல் விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்குங்கள். பிறகு தளர்த்துங்கள். அழுத்து, அமுக்கு, தளர்த்து. விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது. வழுக்கினால் தோல் உரசிப் புண்ணாகும். காம்பை இழுத்துப் பிழிந்தால் பால் வரும் குழாயே நசுங்கி அடைபடும், எரிச்சல்தான் மிச்சம்.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பால் இறங்க ஆக்ஸிடோசின் ஹார்மோன் சுரக்க வேண்டும், அது வலியிலும் பதற்றத்திலும் தயங்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஒரு நிமிடம் வைத்து, மார்பை மேலிருந்து மென்மையாகத் தடவிவிட்டுத் தொடங்குங்கள். செல்போனில் குழந்தையின் வீடியோவைப் பார்ப்பது உண்மையிலேயே வேலை செய்யும். வேகமாகப் பீறிடும், பிறகு குறையும். குறைந்ததும் அடுத்த மார்புக்கு மாறுங்கள். இப்படி 5 நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி, மொத்தம் 20 நிமிடம். விரலின் இடத்தையும் கடிகார முகத்தில் 12–6, 3–9 இருப்பதுபோலச் சுற்றி மாற்றினால் எல்லாப் பக்கமும் காலியாகும்.

இன்னொன்று: குழந்தை குடித்து முடித்த உடனே எடுத்தால் 20 மில்லி என்பது நல்ல அளவு. மூன்று மணி நேரம் கொடுக்காமல் இருந்து எடுத்தும் 20 மில்லிதான் என்றால் மட்டும் முறையைச் சரிபாருங்கள்.

பாலக்கோடு, வங்கி ஊழியர். எலெக்ட்ரிக் பம்ப் இரண்டு மாதம் நன்றாக வேலை செய்தது. இப்போது ஓடும் சத்தம் கேட்கிறது, பால் பாதிகூட வருவதில்லை. பால் குறைந்துவிட்டதா?

முதலில் வால்வைப் பாருங்கள். புனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே வாத்து அலகு போல இருக்கும் சிலிக்கான் துண்டு அது. நுனிப் பிளவு லேசாகக் கிழிந்தாலோ, மூடாமல் வாய் பிளந்து நின்றாலோ மோட்டார் எவ்வளவு ஓடினாலும் உறிஞ்சாது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் கிழியும், விரல் நுனியால் கழுவினால் போதும். தினமும் பயன்படுத்துபவர் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வால்வை மாற்ற வேண்டும். உங்கள் இரண்டு மாதக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

வால்வு நன்றாக இருந்தால் குழாய் பொருத்து தளர்ந்திருக்கிறதா, பால் பின்னோக்கி வராமல் தடுக்கும் சவ்வில் ஈரம் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். புனலின் வாயை உள்ளங்கையால் மூடி பம்பை ஓடவிட்டால் கை இழுபட வேண்டும்.

புனல் அளவும் முக்கியம். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். காம்பு புனலில் உரசி வெளுத்துப்போனால் அளவு சிறியது. கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரியது. வேகத்தை முழுவதும் ஏற்றினால் அதிகப் பால் வரும் என்பது தவறு. வலித்தால் பால் இறங்காது.

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். மருமகள் தருமபுரி ஆபீஸ் போகிறாள், பேரனை நான்தான் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜில் அவள் வைத்துவிட்டுப் போன பால் மேலே ஆடையும் கீழே தண்ணியுமாகப் பிரிந்து நிற்கிறது, கெட்டுப்போச்சு என்று கொட்டிவிட்டேன். பையன் சங்கிலும் குடிக்க மாட்டேன் என்கிறான்.

இனிமேல் கொட்டாதீர்கள் அம்மா. தாய்ப்பாலில் கொழுப்பு மேலே மிதப்பது இயல்பு. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் சுட வைக்கவோ, மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம். புளித்த நாற்றமோ, சுழற்றியும் கலையாத கட்டியோ இருந்தால்தான் கெட்ட பால். உறைய வைத்த பாலில் சோப்பு வாசனை அடிப்பது சிலருக்கு உண்டு, அது கொழுப்பு உடைவதால் வருவது, குழந்தை குடித்தால் கொடுக்கலாம்.

வெளியே வைத்தால் 25 டிகிரி வரை 4 மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் பக்கம் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்புறம் வைத்தால் 4 நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம். உருக்கிய பால் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

சங்கு விஷயத்தில், பசித்து அழும் வரை காத்திருந்தால் எந்தக் குழந்தையும் புதிய முறையை ஏற்காது. கையைச் சப்பத் தொடங்கும்போதே மடியில் நிமிர்ந்தாற்போல உட்கார வையுங்கள். சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். அவனே நாக்கை நீட்டி எடுப்பான். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். முதல் சில நாள் மருமகள் கண்ணில் படாத இடத்தில் கொடுங்கள், அம்மா வாசனை அடித்தால் சங்கை யார் கேட்பார்கள்? சங்கைக் கழுவி ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். பால் பாட்டில் வேண்டாம்.

குழந்தைக்கு ஏழு மாதம். பூண்டு, வெந்தயம், சுறா புட்டு, களி எல்லாம் சாப்பிட்டும் ஒரு மாதமாகப் பால் குறைகிறது. வேறு என்ன சாப்பிடலாம்?
— பெயர் வேண்டாம், ஊத்தங்கரை

சாப்பாட்டை விடுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் கருத்தடை மாத்திரை ஆரம்பித்தீர்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அது பால் சுரப்பைக் குறைக்கும். பாலூட்டும்போது சாயா மாத்திரை, காப்பர்-டி, அந்தரா ஊசி ஆகியவை பொருந்தும். நிறுத்திவிட்டுப் பாதுகாப்பில்லாமல் இருந்துவிடாமல், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டும் இல்லை என்றால் எட்டுத் தடவை கணக்கைப் பாருங்கள். ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம் இப்படிச் செய்யலாம்: 20 நிமிடம் பீய்ச்சி, 10 நிமிடம் ஓய்வு, 10 நிமிடம் பீய்ச்சி, 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம்.

களி நல்ல சாப்பாடு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், கூடவே கீரை, பருப்பு இருந்தால் உங்கள் உடம்பு தேறும். ஆனால் தேங்கி நிற்கும் மார்பை எந்தப் பூண்டும் சுரக்க வைக்காது. வெந்தயத்தை மாத்திரையாக அதிகம் எடுத்தால் சர்க்கரை இறங்கலாம், சர்க்கரை நோய்க்கும் தைராய்டுக்கும் மருந்து எடுப்பவர்கள் தவிர்க்கவும்.

உண்மையில் குறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மார்பு முன்போல் கனக்கவில்லை என்பது அறிகுறி ஆகாது. குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, அங்கன்வாடி எடை அட்டையில் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது. ஏழு மாதத்தில் சோறு சேர்ந்துவிட்டதால் பால் தேவையே கொஞ்சம் குறையும்.

மார்பில் ஒரு பக்கம் கல் மாதிரி கட்டி, சிவப்பு, நேற்று இரவிலிருந்து காய்ச்சல். லீவு போட முடியாது. கட்டியை அழுத்தித் தேய்க்கலாமா?

அழுத்தித் தேய்க்காதீர்கள், வீக்கம் கூடும். அந்தப் பக்கமே குழந்தைக்குக் கொடுங்கள், பால் கெட்டதல்ல. கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி 10 நிமிடம். பாராசிட்டமால் போடலாம். ஆனால் காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்து வந்துவிட்டதால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் பாலூட்டும்போது எடுக்கக்கூடியவை இருக்கின்றன, பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாமதித்தால் சீழ் கட்டும், அதற்கு லீவு இன்னும் நீளும்.

பீய்ச்சுவதற்கு பிரேக் கேட்டால் லைன் லீடர் முறைக்கிறார். சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அதற்காகச் சம்பளம் பிடிக்க முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதியும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தவை. வாயால் கேட்காமல், நேரத்தைக் குறிப்பிட்டு எச்.ஆர். பிரிவுக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்த நகலோடு போகலாம். இடம் கேட்கும்போது கதவில் தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட் என்று மூன்றையும் எழுதுங்கள். கழிவறையில் பீய்ச்சச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வெயிலில் வந்ததும் "சூட்டுப் பால்" கொடுக்கக் கூடாதாமே?

கொடுக்கலாம். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து கொடுங்கள். வெயிலில் நடந்ததால் பால் சூடேறாது.