பாஸ்டியனும் பாண்டிப் பையனும்

ஐயா,

நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ்தான். மகன் நாலாவது வரை தமிழ் மீடியம், இந்த வருஷம் மலையாள மீடியத்தில் சேர்த்தோம். வகுப்பில், தமிழன் என்று கேலியாக அவனைப் ‘பாண்டி’ என்கிறார்கள், பையை ஒளித்து வைக்கிறார்கள். அவன் அப்பா “திருப்பி அடிடா” என்கிறார். ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’ படம் பார்த்ததிலிருந்து, கடைசியில் அந்தப் பையன் டிராகன் மேல் ஏறி, தன்னை அடித்தவர்களைத் துரத்தும் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். நாவலை ஆங்கிலத்தில் வாங்கினேன். அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். கொடுக்கலாமா? இன்னும் கனவிலேயே கிடப்பானோ?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை நேற்று இரவு படித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. ‘பாண்டி’ என்ற அந்தச் சொல்தான் காரணம்.

கனவைப் பற்றிய பயத்தை விடுங்கள். பத்து வயதில் கனவு காணாமல் எப்போது காண்பது?

உங்கள் மகன் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி நாவலில் இல்லை. மிஹாயேல் எண்டே அதை ஜெர்மனில் எழுதி வெளியிட்டது 1979இல். 1984இல் வந்த படம் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறது. எண்டே அந்தப் படத்தை வெறுத்தார், வழக்குப் போட்டுத் தோற்றார். அவர் கோபம் நியாயமானது. அவர் சொல்ல வந்ததே மறுபாதியில்தான் இருக்கிறது.

தாயை இழந்த, குண்டான, வகுப்பில் அடிபடுகிற பாஸ்டியன் புத்தகத்தைத் திருடிக்கொண்டு பள்ளிக்கூட அட்டாலியில் ஒளிந்து படிக்கிறானே, அதுவரை உங்களுக்குத் தெரியும். நாவலின் 26 அத்தியாயங்களில் 13ஆவதிலிருந்து அவன் தான் படிக்கும் கதைக்குள்ளேயே இருக்கிறான். அவனிடம் ஆரின் என்ற சின்னம் இருக்கிறது. நினைத்தது நடக்கும். ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவு போய்விடும். அழகனாகிறான், குண்டாக இருந்தது மறந்துபோகிறது. பலசாலியாகிறான், நோஞ்சானாக இருந்தது மறந்துபோகிறது. கடைசியில் பேரரசனாக ஆசைப்பட்டு, தடுக்க வந்த நண்பன் அட்ரேயுவையே வாளால் காயப்படுத்துகிறான். அடிபட்டவன் என்ற நினைவே இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

இது எனக்கு நடந்தது. நானும் உங்கள் தாலுகாதான். ஐந்தாவதில் மலையாளத்துக்கு மாறினேன். பயம், பலம் இரண்டும் என் வாயில் ஒரே ‘ப’தான். மலையாளத்தில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. நான் வாசிக்க எழுந்தாலே வகுப்பு சிரிக்கும். ‘பாண்டி, பாண்டி’ என்று டெஸ்க்கைத் தட்டுவார்கள். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: அவர்களைப் போலவே பேச வேண்டும். கிணற்றடியில் நின்று அந்த எழுத்துகளை உரக்கச் சொல்லிப் பழகினேன். ஏழாவதில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினேன்.

அந்த வருஷம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் நாள் பாடம் வாசிக்கும்போது ‘பயம்’ என்ற சொல்லில் தடுக்கினான். ‘பாண்டி’ என்று முதலில் கத்தியது நான். என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று அப்போது ஞாபகமே இல்லை, சத்தியமாக இல்லை.

சாயங்காலம் அமுச்சியிடம், அம்மாவின் அம்மாவிடம், சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பையனுக்கு எத்தன வெசனமா இருந்திருக்கும் சாமி” என்றார். வெசனம் என்ற சொல் எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அவர் மடியில் படுத்து வளர்ந்தவன் நான். “எந்தா?” என்று மலையாளத்தில் கேட்டேன். அமுச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் படித்ததும் கோபம் வந்தது. படத்தின் கடைசிக் காட்சியும் அவர் பேச்சும் ஒன்றுதான். அவர் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் இல்லை. வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்தீர்களா? அதுவும் இல்லை. பத்து வயதுப் பையனின் சண்டையை அவன் தலையிலேயே கட்டிவிட்டு, ஆங்கில நாவல் கஷ்டமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் அம்மிணி. அவன் அப்பாவையும் கூட்டிப்போங்கள்.

நாவலைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ராத்திரி ஒரு அத்தியாயமாக நீங்களே படித்து, வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லுங்கள். 13ஆவதில் அவனுக்குக் குஷியாக இருக்கும். அங்கே நிறுத்தக் கூடாது, 26 வரை போக வேண்டும். அதற்கு முன்பே சோகச் சதுப்பில் ஆர்டாக்ஸ் என்ற குதிரை மூழ்கும் இடம் வரும். அட்ரேயு கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் அது நகராது. அங்கே ‘சோகம்’, ‘துக்கம்’ என்றெல்லாம் சொல்லாதீர்கள். வெசனம் என்றே சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

அன்புடன்.