ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வருமா? மூன்று வருடமாக எடுத்துக்கொள்பவளின் பதில்

கேட்டவருக்கு வயது 49, பீரியட்ஸ் நின்று 14 மாதம். ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கமே இல்லை. டாக்டர் ஹார்மோன் எழுதிக் கொடுத்திருக்கிறார், வீட்டில் கேன்சர் வரும் என்று பயமுறுத்துகிறார்கள், சோயா, ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை என்று சமாளித்துவிடலாமா என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது 53. எனக்கு 48-இல் நின்றது, 50-இல்தான் ஹார்மோன் ஆரம்பித்தேன். நடுவில் இருந்த இரண்டு வருடம் வீணாகப் போனது என்ற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் தொடுகோடு வரைந்துகொண்டிருப்பேன், நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும், சாக்பீஸ் கையிலேயே ஈரமாகி வழுக்கும், முகம் சிவந்துபோவதைப் பார்த்து டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடும். இரண்டு நிமிஷத்தில் போய்விடும், அப்புறம் ஜாக்கெட் நனைந்து குளிரும். ராத்திரி இதே கதை நாலைந்து தடவை. மார்கழி மாதத்தில் எனக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், என் வீட்டுக்காரர் மங்கி கேப் போட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொண்டு திட்டுவார்.

முதலில் பார்த்த டாக்டர் "ஆகுற வயசுதானேம்மா" என்று கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார். அடுத்தவர் ஸ்கேனில் சின்னதாக ஒரு கட்டியைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார். நல்லவேளை, நான் தலையாட்டவில்லை. இந்தச் சூடு கர்ப்பப்பையிலிருந்து வருவதில்லை. உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையில் இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அங்கே உள்ள நரம்புகள் அரை டிகிரி ஏறினாலே வீடு தீப்பிடித்த மாதிரி அலறுகின்றன, அவ்வளவுதான். கர்ப்பப்பையை எடுப்பதால் இது தீராது. பீரியட்ஸ் நிற்காத பெண்ணுக்குச் சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், மெதுவாக வர வேண்டியது ஒரே நாளில் வந்து இறங்கும்.

மூன்றாவதாகப் பார்த்தவர்தான் உட்கார வைத்துப் பேசினார். தைராய்டு, பிரஷர், சுகர், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கர்ப்பப்பை உள்சுவரின் தடிமனுக்கு ஸ்கேன், எல்லாம் முடித்துவிட்டு வா என்றார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வியர்வை, இதே படபடப்பு வரும். அதைப் பார்க்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

இனி கேன்சர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் சொல்வது புரளி இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெரிய ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து) சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி, பெண்கள் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதலாக எட்டுப் பேர். 30-க்கு 38 என்று பார்த்தால் கால் பங்குக்கு மேல் ஏற்றம், பத்தாயிரத்துக்கு எட்டு என்று பார்த்தால் 0.08 சதவீதம். இரண்டும் ஒரே கணக்குதான், பேப்பரில் பெரிய எண்ணைப் போட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதம் நடத்தும்போது இப்போது இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன் (பெயர் மாற்றி).

அந்த எட்டுப் பேரும் நம்மைப் போன்ற பெண்கள்தான், அதைச் சின்னதாக்கச் சொல்லவில்லை. எத்தனை வருடம் எடுக்கிறோமோ அதற்கேற்ப ஆபத்தும் கூடும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, பலருக்குப் பீரியட்ஸ் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 49 வயதில் தூக்கமில்லாமல் தவிக்கும் உங்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை, பக்கவாதம்தான் கூடியது. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கிற, வேறு பெரிய நோய் இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பதுதான் இப்போது மெனோபாஸ் (பீரியட்ஸ் நிற்கும் பருவம்) மருத்துவர்களின் சங்கங்கள் சொல்வது.

மருந்தும் மாறிவிட்டது. அன்றைக்குக் கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. எனக்குக் கொடுத்தது நம் உடம்பில் சுரக்கிற அதே வகை ஈஸ்ட்ரோஜன், எஸ்ட்ராடியால் என்று பெயர், ஜெல்லாக. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் வழியாகப் போய் ரத்தம் கட்டும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, தோல் வழியாகப் போனால் அந்தத் தொல்லை குறைவு. காலையில் குளித்து ஈரம் துடைத்ததும் பம்பை ஒரு அழுத்து அழுத்தி, வருகிற ஜெல்லைத் தொடையில் தடவி, அது காயும்வரை சேலை கட்டாமல் நிற்க வேண்டும், ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய விஷயம். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பேரனைத் தூக்கும்போது அவன் மேல் ஒட்டும். ராத்திரி படுக்கும்போது 100 மில்லிகிராம் புரோஜெஸ்டரான் கேப்ஸ்யூல், அது கண்ணைச் சொருக வைப்பது எனக்கு உபரி லாபம். முதல் இரண்டு மாதம் மார்பு வலித்தது, லேசாக ரத்தம் பட்டது, அப்புறம் நின்றது. மூன்றாவது வாரத்திலேயே ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன்.

கர்ப்பப்பை இருக்கிறவர்கள் அந்த கேப்ஸ்யூலை விடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அங்கே புற்றுநோய் வர வழி செய்யும். எங்கள் எதிர்வீட்டு அக்கா தன் நாத்தனாரின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். நாத்தனாருக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது, இவருக்கு எடுக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் ரத்தப்போக்கு, கடைசியில் சதையெடுத்து டெஸ்ட் வரை போய், ஒன்றுமில்லை என்று வந்தது. வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சோயா, ப்ரிம்ரோஸ் கேட்டிருந்தீர்கள். ப்ரிம்ரோஸ் நான் நாலு மாதம் விழுங்கினேன், பர்ஸ் இளைத்ததுதான் மிச்சம். சோயா ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் அலசியபோது இரண்டையுமே பரிந்துரைக்கவில்லை. யோகாவையும் சூட்டுக்கான சிகிச்சையாக அவர்கள் ஏற்கவில்லை, என் யோகா டீச்சருக்கு இதைச் சொன்னால் பிடிக்காது. நடை, யோகா எல்லாம் எலும்புக்கும் மனசுக்கும் நல்லது, செய்யுங்கள், சூடு அதனால் நிற்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். என் அம்மா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார், சூடு குறையவில்லை, களி நன்றாக இருந்தது.

ஹார்மோன் எடுக்கவே கூடாதவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு இருப்பவர்கள். அவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளி தமிழம்மா மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, அது திரும்ப வராமலிருக்க டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார், சூட்டில் என்னைவிட மோசமாகத் தவித்தார். அவருக்கு வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை, சின்ன அளவில் இந்தச் சூட்டையும் அடக்கும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று ஒரு வாரம் பிரிக்காமலே வைத்திருந்தார், இப்போது பரவாயில்லை. இதே ரகத்தில் பராக்ஸிடின் என்று ஒன்று இருக்கிறது, அது டமாக்ஸிஃபென் வேலை செய்வதைக் கெடுக்கும், அதனால் புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி வியர்வைக்கு காபாபென்டின் கொடுப்பதும் உண்டு. மூளையில் அந்த நரம்புகளையே குறிவைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது, அடுத்த வருடமே கல்லீரல் பற்றிக் கடுமையான எச்சரிக்கையும் சேர்த்தார்கள். சிபிடி என்கிற மனப்பயிற்சியும் உதவுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தால் அதற்கு உடம்பு முழுக்க ஹார்மோன் தேவையில்லை, அந்த இடத்தில் மட்டும் போடுகிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போதும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டாக்டரே கேட்கட்டும் என்று வெட்கப்பட்டுக் காத்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தைராய்டு டெஸ்டும் மேமோகிராமும் ஸ்கேனும் கையில் வந்ததும், மாத்திரையா ஜெல்லா என்று டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பித்துவிடுவேன். ஹார்மோன் எடுக்கும்போது திரும்ப ரத்தம் பட்டாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அன்றைக்கே போய்க் காட்டுவேன். எவ்வளவு நாள் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் இல்லை. இந்தச் சூடு பலருக்கு ஏழு வருடம்கூட நீடிக்கிறது, வருடா வருடம் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். போன தடவை போனபோது அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று என் டாக்டர் கேட்டார். பொதுத்தேர்வு முடியட்டும், மே மாதம் பார்க்கலாம் என்றேன். "அக்னி நட்சத்திரத்திலா?" என்று சிரித்துவிட்டு, சீட்டில் ஆகஸ்ட் என்று எழுதினார்.