புலியை விடுங்கள், உருளியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மனிதனுக்கு மிக ஆபத்தான உயிரினம் எது என்று வீட்டில் பந்தயம். நான் புலி என்கிறேன், தம்பி சுறா என்கிறான். யார் பக்கம் தீர்ப்பு?
– வாசகர், செந்தூல்

பதில்: இரண்டு பேருமே தோற்றீர்கள். சுறாவால் உலகம் முழுக்க ஆண்டுக்கு இறப்பவர்கள் பத்துப் பேருக்கு அக்கம்பக்கம்தான். தீபகற்ப மலேசியக் காடுகளில் மிச்சமிருக்கும் புலிகளே 150-க்கும் குறைவு. நம்மைக் கண்டு அவைதான் பயப்பட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கு ஆண்டுக்குச் சுமார் 59,000 பேரும், பாம்புக்கடிக்கு 81,000 முதல் 138,000 பேர் வரையும் பலியாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கொசு பரப்பும் மலேரியா ஒன்றே 2023-இல் 597,000 உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. பந்தயப் பணத்தில் ஒரு நல்ல தேய்க்கும் பிரஷ் வாங்குங்கள். எதற்கு என்று அடுத்த பதிலில் தெரியும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் புகையடித்துவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் கொசு. மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டார்களா?
– வாசகி, ஜாலான் ஈப்போ

பதில்: மருந்தின்மேல் பழி வேண்டாம். புகை கொல்வது பறக்கும் கொசுவை மட்டும். தண்ணீரில் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் அது தொடாது. நம்ம ஊர் வெயிலுக்கு, டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். புகையடித்த அன்று கூட்டுப்புழுவாக இருந்தது இரண்டு நாளில் பறக்கத் தொடங்கிவிடும். இன்னொன்று: புகை வண்டி வந்ததும் கதவு ஜன்னலை இழுத்துச் சாத்துகிறார்கள். ஏடிஸ் பதுங்குவதே வீட்டுக்குள், திரைச்சீலைக்கும் அலமாரிக்கும் பின்னால். சாப்பாட்டை மூடிவைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளுடன் வெளியே போய்விடுங்கள்.

தமிழர் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாசலில் பூ மிதக்கும் உருளியை. பலர் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போடுகிறார்கள், தண்ணீர் அப்படியே கிடக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில். மிளகுத்தூள் ஒட்டிய மாதிரிக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை உள்சுவரை பிரஷ் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். அதே பிரஷோடு குளிர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியின் அடித்தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏர்கோன் தண்ணீர் பிடிக்கும் வாளி எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று. பத்து நிமிட வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கழிப்பறை மூடியைக் கவிழ்த்து, தரைச் சாக்கடைத் துளையையும் மூடிவிட்டுப் போங்கள்.

கொட்ட முடியாத தண்ணீருக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. ஒரு சதவீத மணல் குருணை என்றால் 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் பீப்பாயின் முழுக் கொள்ளளவுக்குப் போடுங்கள். கண்ணளவில் கிள்ளிப் போட்டால் புழு சாகாது.

கேள்வி: கணவருக்கு டிங்கி. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குப் போகிறேன் என்கிறார். அனுப்பலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கூடாது. காய்ச்சல் இறங்கியதும் வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் டிங்கியில் மோசமான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். 'சரியாகிவிட்டது' என்று எழுந்து நடந்தவர்தான் மயங்கி விழுவார். அந்த நாட்களில் தினமும் ரத்தப் பரிசோதனை செய்து, தட்டணுவோடு ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் பார்க்கச் சொல்லுங்கள். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து படுத்தே கிடப்பது, சிறுநீர் குறைவது என ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலிக்கு பாராசிட்டமோல் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு கொடுத்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் தோட்டத்து ஓரம் எங்கள் வீடு. கண்ணாடி விரியன் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். தமிழ்நாட்டிலிருந்து விஷமுறி மருந்து வாங்கி வைக்கலாமா?
– வாசகர், செபராங் பிறை

பதில்: கண்ணாடி விரியன் மலேசியாவில் கிடையாது. அண்ணன் பார்த்தது பெரும்பாலும் மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்னும் குழிவிரியனாக இருக்கும். பழுப்பு உடல், விலாவில் கருமுக்கோணங்கள். பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் ரப்பர் தோட்டச் சருகில் அசையாமல் கிடக்கும். காலடி கேட்டாலும் நகராது, மிதித்தால் கொத்தும். இருட்டில் கைவிளக்கும் பூட்ஸும் இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள்.

இந்திய மருந்து அங்குள்ள நான்கு பாம்புகளுக்கானது. நம் மருத்துவமனைகள் பயன்படுத்துவது தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்து. அதுவும் ஊசி போட்ட பின் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் வீட்டில் வைத்துப் போடும் மருந்தே அல்ல. கடித்தால் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். அந்தக் கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதிக்கொண்டு 999-ஐ அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும், அடித்துத் தூக்கிவர வேண்டியதில்லை. வெட்டிய தலைகூடக் கொத்தும். விஷம் துப்பும் வகை நாகம் கண்ணில் துப்பினால் குறைந்தது 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பத்துமலைப் படியில் குரங்கு கையைக் கீறிவிட்டது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே கிளினிக் போங்கள். டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அதில் சாப்பாடு இருக்கும் என்பது அவற்றுக்கு மனப்பாடம். பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால்தான் கடி விழும்.

கேள்வி: பத்து ஃபெரிங்கியில் ஜெல்லி மீன் பட்டால்?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. பட்ட இடத்தில் சமையல் வினிகரை 30 விநாடியாவது விடாமல் ஊற்றி, பிறகு ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுங்கள். மணலால் தேய்த்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் வெடிக்காத கொட்டு அணுக்களும் வெடிக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 999.