பழசுக்கு வீட்டில் ஓர் இடம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பொருட்களைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பது பற்றிச் சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அம்மாயி வீட்டிலிருந்து பித்தளை அண்டா, தவலை, கூஜா, நான்கைந்து சொம்பு வந்திருக்கின்றன. எல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கின்றன. கடையில் மெஷினில் கொடுத்துப் பாலிஷ் போட்டுவிடலாமா? ஃபிளாட்டில் எப்படி வைத்தால் அழகாக இருக்கும்?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

மெஷினுக்குக் கொடுக்கும் முன், ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சீர் கொடுத்தவர் பெயரையோ ஊரையோ தேதியையோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். பஃபிங் சக்கரம் கறையோடு சேர்த்துப் பித்தளையின் மேல்பரப்பையும் சுரண்டி எடுத்துவிடும். இரண்டு தடவை கொடுத்தால் அந்த எழுத்து மழுங்கிப் போகும். அம்மாயியின் பெயர் அதில் இருந்தால் அதைவிடப் பெரிய அலங்காரம் அந்த வீட்டில் வேறொன்றும் இருக்காது. ஆகவே கையால் தேய்ப்பதே சரி.

முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம். புளி போட்டுத் தேய்த்தால் முலாம் போய்த் துருதான் மிஞ்சும். அதை ஈரத்துணியால் துடைத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசல் பித்தளை என்றால், எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்து, ஒரு டீஸ்பூன் கல்லுப்பு சேர்த்து, தேங்காய் நாரால் ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்துத் தேயுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் புளி மேலே இருக்கக் கூடாது. இரவு முழுக்க ஊறவைப்பவர்கள் வீட்டில்தான் பித்தளை திட்டுத் திட்டாகச் செம்பு நிறமாகிறது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. அமிலத்தில் நேரம் போகப் போகத் துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் மேலே தெரிகிறது. லேசான சிவப்பு என்றால் பிராசோ (கடையில் கிடைக்கும் பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்த்தால் சரியாகும். பிறகு மூன்று தண்ணீரில் அலசி, பாத்திர சோப்பு போட்டு ஒரு முறை கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் சில வாரங்களில் பச்சைப் புள்ளி பூக்கும். போர்வெல் தண்ணீர் தானாகக் காய்ந்தாலும் வெள்ளைக் கறை நிற்கும்.

பளபளப்பு நிற்க வார்னிஷ் அடிக்க வேண்டாம். அது உரிந்த இடம் மட்டும் கறுத்து, மொத்தமும் சொறி பிடித்ததுபோல் ஆகும். நிறமில்லாத கார் மெழுகை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். ஈரம் படாத இடத்தில் நாலைந்து மாதம் தாங்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஷெல்ஃபில் அடுக்கினால் பாத்திரக்கடை மாதிரி தெரியும். அண்டாவைத் தரையில், தவலையை ஒரு மணைப்பலகை மேல், கூஜாவை அதைவிடச் சற்று உயரத்தில் என்று மூன்றே மூன்றை ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். மற்றதைப் பருத்தித் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பொங்கலுக்கோ ஆடிக்கோ மாற்றிக்கொள்ளலாம். அண்டாவில் செடி வைப்பதானால் மண்ணை நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி, அடியில் ஒரு தட்டு போடுங்கள்.

கேள்வி: சேலத்தில் வாங்கிய பழைய தேக்கு அலமாரியை ஏற்காடு வீட்டுக்குக் கொண்டுவந்து, நவம்பரில் பிரெஞ்சு பாலிஷ் போட்டோம். மேலெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கிறது. இழுப்பறையும் திறக்க மாட்டேன் என்கிறது. மரம் மோசமா?
– வாசகர், ஏற்காடு

மரத்தின் மேல் குற்றமில்லை. பாலிஷ் போட்ட மாதம்தான் தவறு. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு சில்லிட்டுப் போகும். சுற்றிலும் மூடுபனி இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் இறங்கி, அரக்குப் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் வெள்ளை. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மழை மாதங்களில் பாலிஷ் வேலையே வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காலை பதினொன்று முதல் மதியம் மூன்றுக்குள் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் அந்த வெள்ளை எது என்று பார்க்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது, பூஞ்சை வாசம் அடிக்கிறது என்றால் அது பூசணம். துடைத்தும் போகவில்லை என்றால் படலத்துக்குள் சிக்கிய ஈரம். ஈரம் என்றால் உரித்தெடுக்கத் தேவையில்லை. நல்ல வெயில் நாளில், பஞ்சை மல் துணியில் (மெல்லிய பருத்தித் துணி) முடிந்து, ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற அளவுக்கு ஈரமாக்குங்கள். மரத்தின் ரேகைப்போக்கில், ஓரிடத்திலும் நிற்காமல் ஒரே வீச்சாக இழுங்கள். கை நின்ற இடத்தில் அரக்கு இளகித் துணியோடு வந்துவிடும். இரண்டு மூன்று வீச்சில் வெள்ளை மறையும். மறையாவிட்டால் மறுநாள் மறுபடி.

பூசணம் என்றால் துடைப்பது பாதி வேலைதான். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, கால்களுக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால், தண்ணீர் சேர்ந்ததும் மாற்றத் தவறக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. குளிரில் அது காயாமல் பிசுபிசுக்கும். பூசணத்துக்கு அதுவே தீனி. எங்கே அதைப் பயன்படுத்தினாலும், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டு, பிறகு தண்ணீரில் நனைத்து வீசுங்கள்.

இழுப்பறை இறுகியது, சேலத்தின் வறண்ட காற்றில் சுருங்கியிருந்த பலகை மலை ஈரத்தில் உப்பியதால். இப்போது இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். மார்ச்சில் தானாகவே தளரும். இப்போது இழைத்துவிட்டால் அப்போது ஆடும். ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். மலையிலிருந்து சேலத்துக்குக் கீழே இறக்குபவர்களுக்கு நேர்மாறான தொல்லை: மே வெயிலில் பலகை சுருங்கிப் பிளக்கும். 30 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம், ஆனால் மரத்துக்கு அது வேறு ஊர். ஒரு மாதமாவது ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் விலகிய அறையில் வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் பாலிஷ் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: அப்பா தறியை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. நாடா (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் மரக்கட்டை), தார்க்குச்சிகள் (நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கும் குச்சிகள்), ஜக்கார்டு அட்டைகள் (புடவையின் பூ வடிவத்துக்கான துளையிட்ட அட்டைகள்), அவர் நெய்த ஒரு பட்டுப்புடவை இருக்கின்றன. ஹாலில் வைக்க ஆசை. ஃபிரேம் கடையில் ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள்.
– வாசகி, அம்மாப்பேட்டை

பசை படவே கூடாது. பட்டின் மேல் ஃபெவிகால் காய்ந்து இறுகி, பழுப்பேறி, ஒருநாள் எடுக்க நினைத்தாலும் இழையோடுதான் வரும். தைக்க வேண்டும்.

புடவை முழுதாக இருந்தால் வெட்டாதீர்கள். மூங்கில் கழியில் ஒரு பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, அதன் மேல் முந்தானை தெரியும்படி தொங்கவிட்டு, ஒரு மாதம் வைத்து எடுத்து மடிப்பு மாற்றி உள்ளே வையுங்கள். மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தால் சரிகை அங்கேதான் ஒடியும். உடல் கிழிந்து முந்தானை மட்டும் நன்றாக இருந்தால், அதை ஃபிரேம் போடலாம். பின்னால் பிளைவுட் வேண்டாம்; அமிலமில்லாத மவுண்ட் அட்டை கேட்டு வாங்குங்கள். அட்டைக்கு மேல் மல் துணி இழுத்துக் கட்டும் முன், அதை இரண்டு முறை துவைத்துக் கஞ்சியை முழுக்க எடுத்துவிடுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி கண்ணாடிக்குள்ளேயே குடியேறும். மெல்லிய பட்டு நூலில், ஓரத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல், சரிகைக் கம்பியைக் குத்தாமல் இழைகளுக்கு நடுவே. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளிக் கட்டை கட்டாயம். மேற்கு வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம். சாயம் ஒரே கோடையில் வெளுக்கும்.

நாடாவின் இரும்பு முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடையுங்கள். மரப்பகுதிக்கு எதுவும் வேண்டாம். அப்பாவின் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுப்பாகி இருக்கும். அதன் மேல் வார்னிஷ் அடித்தால் அந்தத் தேய்மானம் மறைந்துவிடும். நாடாவுக்குள் தார்க்குச்சியைப் பொருத்தி, கடைசியாக ஓடிய நூலோடு வையுங்கள்.

ஜக்கார்டு அட்டைகளைத் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். கோர்த்த கயிறோடு பத்துப் பதினைந்து அட்டைகள் ஒரு கழியில் தொங்கட்டும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும், ஈரத்துணி ஆகாது. பின்னால் 12 வோல்ட் மஞ்சள் எல்.இ.டி. பட்டை ஒன்றை அரை அடி தள்ளி வைத்தால் துளைகள் வழியே வெளிச்சம் வரும். அது எந்தப் புடவையின் பூ என்பதை அப்பாவிடமே கேட்டு ஒரு சீட்டில் எழுதிப் பின்னால் செருகி வையுங்கள். இதை இன்றே செய்யுங்கள்.

கேள்வி: இடித்த வீட்டின் பழைய கதவு இருக்கிறது, ஆறரை அடிக்கு மூன்றடி. பச்சை பெயின்ட். டைனிங் டேபிள் ஆக்கலாமா?
– வாசகர், ஓமலூர்

ஆக்கலாம். இரண்டு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், தீ காட்டி உரித்தாலும் ஈயம் மூச்சில் போகும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, கீழே செய்தித்தாள் விரித்துச் சேகரியுங்கள். என்-95 முகக்கவசம் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

அடுத்தது மரத்தைத் துளைக்கும் வண்டு. கதவுக்கு அடியில் ஒரு வாரம் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். மாவு போன்ற தூள் விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஊசிக்குழலால் மரப்பூச்சி மருந்து ஏற்றி, பாலிதீன் தாளில் இறுகச் சுற்றி ஒரு வாரம் விடுங்கள்.

மேலே 10 மி.மீ. டஃபன்டு (உறுதியூட்டிய) கண்ணாடி. இந்த அளவுக்குக் கண்ணாடி மட்டுமே சுமார் 45 கிலோ வரும் என்பதை நினைவில் வைத்து, நான்கு மூலைக் கால்களோடு நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும் கேளுங்கள். தரையிலிருந்து கண்ணாடி மேல்பரப்பு 30 அங்குலம். வளையம், தாழ்ப்பாள் எதையும் கழற்ற வேண்டாம். அவை கண்ணாடியில் இடிக்காத உயரத்துக்கு ரப்பர் பொத்தான்கள் ஒட்டினால் சரி.

கேள்வி: தாத்தா காலத்துப் பெண்டுலக் கடிகாரம் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை.
– வாசகி, அஸ்தம்பட்டி

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். தூசியோடு சேர்ந்து பசையாகும். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். வில்சுருளை நீங்கள் திறக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும்.

திரும்பி வந்ததும் சுவரில் மாட்டிக் காதால் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டி நடை கேட்டால் பெட்டியின் அடிப்பகுதியை வலமோ இடமோ நூலளவு நகர்த்துங்கள். சமமான இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டு, அங்கேயே நிறுத்துங்கள். மெதுவாக ஓடினால் பெண்டுலக் குண்டுக்குக் கீழே உள்ள திருகை மேலே ஏற்றுங்கள், வேகமானால் இறக்குங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்று.

கேள்வி: ஃபிளாட்டின் ஹாலில் பழைய ஊஞ்சல் பலகையைத் தொங்கவிட, கான்கிரீட்டில் துளை போட்டு ஆங்கர் கொக்கி அடிக்கலாமா?
– வாசகர், சூரமங்கலம்

வேண்டாம். ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் போடும்போதே கம்பியோடு பின்னிக் கட்ட வேண்டியது. பிறகு துளை போட்டு அடிக்கும் ஆங்கர் (விரிவு போல்ட்), ஆடும்போது எடை கூடியும் குறைந்தும் இழுப்பதால் நாளடைவில் தளரும். தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். முன்னும் பின்னும் நான்கடி காலி இடம் வேண்டும். இடமில்லை என்றால் பலகையை 17 அங்குல உயரத் தாங்கிகள் மேல் வைத்தால் அருமையான பெஞ்சு.

கேள்வி: ஆட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க வைக்கலாமா?
– வாசகி, குகை

பூவை மாற்றும்போது தண்ணீரை முழுக்கக் கொட்டி, குழியின் பக்கங்களை நாரால் தேய்த்துக் கழுவுங்கள், வாரத்துக்கு ஒரு முறை தவறாமல். டெங்கு கொசுவின் முட்டை கல்லின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. வெளியூர் போனால் குழியில் மணல் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: பழைய வெண்கலச் சாமி சிலை ஒன்று விலைக்கு வருகிறது. 'ரொம்பப் பழசு, கோயில் சரக்கு' என்கிறார் விற்பவர். பூஜை அறைக்கு வாங்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். உலோகம், கல், மரச் சிற்பங்களைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும். வியாபாரிக்கு உரிமம் வேண்டும். பதிவுச் சான்றும் பில்லும் காட்ட முடியாதவரிடம் வாங்கினால், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உங்கள் வாசலுக்கு வரும். தேர்ச் சிற்பத் துண்டு என்று விற்கும் மரப் பலகைகளுக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். யானைத்தந்தப் பொருள் எந்த வயதானாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டம் அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

பூஜைக்குச் சிலை வேண்டுமென்றால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் புது வார்ப்பு சொல்லிச் செய்யுங்கள். உயரத்தையும் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.