மெர்க்கில் யார் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, சிகாகோ வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆபீஸில் எல்லோரும் இந்த ஊர் பேஸ்பால் அணியான கப்ஸின் ஆட்டம் பார்க்க ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள், கிரிக்கெட் தவிர வேறொன்றும் தெரியாது, அங்கே போய் முழிப்பதைவிடக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டுக் கிளம்பியபோது ஒரு பெரியவர் "மெர்க்கில் மாதிரி செய்துவிடாதே" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், அது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள்.

காய்ச்சல் எல்லாம் வேண்டாம், போய்விட்டு வாருங்கள். மெர்க்கில் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

நான் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஏப்ரலில் என்னையும் இப்படித்தான் இழுத்துப் போனார்கள். வெயிலைப் பார்த்து ஏமாந்து மெல்லிய சட்டையில் போய், ஏரிக்காற்றில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். மைதானச் சுவரில் பச்சைக் கொடி படர்ந்திருக்கும் என்று படத்தில் பார்த்திருந்தேன். ஏப்ரலில் அது வெறும் காய்ந்த குச்சி. பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா, முழங்கால் மேல் ஸ்கோர் அட்டையை வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் கட்டைப் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஆடுகிற நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் இந்தக் கதையை எடுத்தார்.

1908 செப்டம்பர் 23, புதன்கிழமை. நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். அப்போது விளக்கொளி ஆட்டம் கிடையாது, பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் மூவரும் பட்டத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். பேஸ் என்றால் ஓடுகிறவன் மிதித்து நிற்கும் இடம்; மூன்று பேஸையும் சுற்றி, அடித்த இடத்துக்கே, அதாவது 'வீட்டுக்கு', திரும்பினால் ஒரு ரன். ஜயண்ட்ஸில் வழக்கமாக முதல் பேஸைக் காக்கிறவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் ஃபிரெட் மெர்க்கில் என்ற 19 வயதுப் பையனை இறக்கினார்கள்.

கடைசி இன்னிங்ஸ். 1-1. ஜயண்ட்ஸ் அடிக்கிறார்கள், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் அவர்கள் முறை முடிந்தது. முதல் பேஸில் மெக்கார்மிக். மெர்க்கில் நன்றாகவே அடித்தார். மெக்கார்மிக் மூன்றாவது பேஸ் போனார், மெர்க்கில் முதல் பேஸில் நின்றார். அடுத்து வந்த பிரிட்வெல் பந்தை நடு மைதானத்துக்கு விரட்டினார். மெக்கார்மிக் ஓடிவந்து வீடு சேர்ந்துவிட்டார். 2-1, ஜெயித்தாயிற்று! கூட்டம் மைதானத்துக்குள் கொட்டியது. அந்த நெரிசலைப் பார்த்த மெர்க்கில், பாதி வழியில் திரும்பி உடை மாற்றும் அறையைப் பார்த்து ஓடினார். இரண்டாவது பேஸை அவர் மிதிக்கவே இல்லை.

இங்கேதான் விதி. பின்னால் அடித்தவன் முதல் பேஸுக்கு வருவதால், அங்கே நின்றவன் இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவது பேஸுக்குப் போயே தீர வேண்டும். அதற்குள் எதிரணியில் ஒருவர் பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் அவன் அவுட். அது மூன்றாவது அவுட்டாகவும் இருந்தால், வீடு சேர்ந்தவனின் ரன்னும் செல்லாது.

கப்ஸின் ஜானி எவர்ஸ் இதைக் கவனித்துவிட்டார். பந்து எங்கே, பந்து எங்கே என்று கத்துகிறார். ஜயண்ட்ஸ்காரர் ஒருவர் அதைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசினார் என்கிறார்கள். எப்படியோ ஒரு பந்து எவர்ஸ் கைக்கு வந்தது, பேஸை மிதித்தார். அது அதே பந்துதானா என்பது இன்னும் தீராத வழக்கு. அம்பயர் ஹாங்க் ஓடே அவுட் கொடுத்தார். அந்தக் கூட்டத்தை விலக்கி மேலே ஆட முடியாது, இருட்டும் கவிந்துவிட்டது. ஆட்டம் டை.

நம் ஊர்க் கணக்கில் யோசியுங்கள். ஜெயிக்க ஒரு ரன். எதிர்முனையில் நின்றவன் ஓடி முடிக்காமல் பேட்டைத் தூக்கிக்கொண்டு பெவிலியனுக்குப் போகிறான். ஃபீல்டர் பந்தை எடுத்து ஸ்டம்பைத் தட்டினால்? நான் தாத்தாவிடம் யோசிக்காமல் "அவுட்தானே" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நியூயார்க்காரன் இத்தனை வருஷமாக ஒத்துக்கொள்ளாததை நீ ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டாயே என்று வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் இப்போது எனக்கு அந்தப் பையன் மேல்தான் இரக்கம். அந்தக் காலத்தில் கடைசி ரன் வந்ததும் எல்லோருமே அப்படித்தான் ஓடிவிடுவார்கள். அதே மாதம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் அச்சு அசலாக இதேதான் நடந்தது. எவர்ஸ் முறையிட்டார்; அதே ஓடே அன்று அவுட் கொடுக்கவில்லை. மாட்டியது மெர்க்கில். நான் வந்த புதிதில், எல்லோரும் லேசாக வேகம் குறைத்துவிட்டுப் போகிற ஒரு 'ஸ்டாப்' பலகையில் நானும் அப்படியே போய் அபராதச் சீட்டு வாங்கினேன். முன்னால் போன நாலு காரை விட்டுவிட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, மிச்சக் கதை. சீசன் முடிவில் இரு அணிகளும் 98 வெற்றி, 55 தோல்வி என்று சமமாக நின்றன. அக்டோபர் 8 அன்று அதே மைதானத்தில் மறுபடி ஆட்டம். டிக்கெட் கிடைக்காதவர்கள் பக்கத்துக் குன்றிலும் உயர்ரயில் பாதையிலும் ஏறி நின்று பார்த்தார்கள். ஜயண்ட்ஸுக்கு மாத்யூசன், அன்றைய பெரிய பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். கப்ஸுக்கு முதலில் வீச வந்தவர் தடுமாற, முதல் இன்னிங்ஸிலேயே மோர்டெகாய் பிரவுன் வந்தார். சிறு வயதில் பண்ணை இயந்திரத்தில் ஆள்காட்டி விரலை இழந்தவர். அந்தக் கையில்தான் பந்து அப்படி வளைந்தது. 4-2, கப்ஸ் வெற்றி. அப்புறம் டெட்ராய்ட்டை வீழ்த்தி, பேஸ்பாலின் பெரிய பட்டமான உலகத் தொடரையும் எடுத்தார்கள். அடுத்தது எடுக்க 2016 ஆயிற்று, 108 வருஷம்! அந்த வாரம் ரிக்லியின் வெளிச்சுவர் முழுக்க, பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தாக்களின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபடியே ஒரு சுற்று நடந்தேன்.

மெர்க்கிலுக்கு 'எலும்பு மண்டை' என்ற பட்டம் கடைசிவரை போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1917 முதல் 1920 வரை அவர் ஆடியது கப்ஸுக்கு. இதை உங்கள் ஆபீஸ் பெரியவரிடம் போட்டுப் பாருங்கள்.

ரெட் லைன் ரயிலில் ஏறி ஆடிசன் ஸ்டேஷனில் இறங்குங்கள். ஜாக்கெட் கட்டாயம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். வார்த்தை தெரியாவிட்டால் வாயை மட்டும் அசையுங்கள், முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன்.