இரண்டு வேளை குளித்தும் அரிப்பு தீரவில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. காலையும் மாலையும் வெந்நீரில் சோப்பு தேய்த்துக் குளிக்கிறார். சில மாதங்களாக முழங்காலுக்குக் கீழே ஓயாத அரிப்பு. அழுக்குத்தான் காரணம் என்று இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். என் 15 வயது மகனோ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குளிக்கிறான். ஒருவர் எத்தனை முறைதான் குளிக்க வேண்டும்?

பதில்: முதல் வேலையாக அம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தட்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது பெரும்பாலும் வறண்ட தோலின் அரிப்பு. முற்றினால், நீர் வற்றிய குளத்து மண்போலத் தோலில் வெடிப்பு ஓடும்.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. உயிரற்ற செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சாந்து. வெந்நீரும் சோப்பும் அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. தோலுக்கு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு, அமில-கார அளவான பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று காரமானது. இளம் தோல் சில மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். எண்ணெய்ச் சுரப்பு குறைந்த முதிய தோலுக்கு, அதிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக உள்ள முன்னங்காலுக்கு, அது கடினம்.

அம்மா இரண்டு வேளையும் குளிக்கட்டும். பல வருடப் பழக்கத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை, அதற்கு அவசியமும் இல்லை. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு ஒரு வேளை போதும். அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கைகால்களுக்கும் முதுகுக்கும் வெறும் தண்ணீரே போதும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். உள்ளங்காலில் வேண்டாம், வழுக்கிவிடும். இந்த வயதில் விழுவது அரிப்பைவிடப் பெரிய ஆபத்து.

“சோப்பு போடாமல் ஒரு குளியலா?” என்று அம்மா கேட்பார். தலை முதல் கால்வரை தினமும் சோப்பு என்பது மனித வரலாற்றில் மிகப் புதிய பழக்கம். தண்ணீரைச் சுமந்து வந்து, விறகில் காய்ச்சிய காலத்தில் அது சாத்தியமே இல்லை. வீட்டுக்குள் குழாயும் ஹீட்டரும் வந்த பிறகே அது பரவியது. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மருத்துவர்களே குளியலுக்கு அஞ்சினார்கள்; வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விடும் என்று நம்பினார்கள். உயிர்களைக் காத்த கழுவல் வேறு. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு சரசரவெனக் குறைந்தது. ஆகவே கைகளுக்கு மட்டும் சோப்பில் சிக்கனம் கூடாது.

மகன் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமே. பருவ வயதில் அக்குளின் வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அந்த வியர்வைக்குத் தனியாக வாடை இல்லை; தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. விளையாடி வியர்த்த நாளில் கட்டாயம் குளிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் இப்படிச் செய்தும் அம்மாவுக்கு அரிப்பு குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ, வீட்டில் மற்றவர்களும் சொறிய ஆரம்பித்தாலோ அது சிரங்காக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே வேண்டாம். தடிப்பு எதுவுமில்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.