சிந்திய கதிர்கள்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் பலகாரம் போட்டு விற்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. குழுக் கடன் தவணை வாரா வாரம் கட்டவேண்டும். அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் நாளில் பக்கத்து வீட்டு ஆச்சிதான் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். போன மாதம் ஓரியூர் போய்த் திரும்பும்போது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருவர், "அருளானந்தர் படாத பாடா? ஆண்டவர் உன்னைப் புடம்போடுகிறார், இதில்தான் உன் மீட்பு" என்றார். கோபம் வந்தது. அப்புறம் கோபப்பட்டதற்காக அழுகையும் வந்தது. இதில் மீட்பு எங்கே இருக்கிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கோபத்துக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. திருப்பாடல் 88-ஐ எடுத்துப் பாருங்கள். புலம்பலில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அருளானந்தரை இதில் இழுத்தது சரியில்லை. போர்ச்சுகலிலிருந்து வேதம் போதிக்க வந்த துறவி, 1686-ல் மறவர் சீமையில் சித்திரவதைப்பட்டவர் அவர். பிறகு போர்ச்சுகல் போனார். அங்கேயே இருந்துவிடும்படி மன்னர் கேட்டும் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை கொடுத்தார். தெரிந்தே எடுத்த முடிவு. பக்கவாதத்தை யார் கேட்டு வாங்கினார்கள்? உடம்பில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி திருத்தூதர் பவுலே மூன்று தடவை ஆண்டவரைக் கேட்டார். நீங்களும் தாராளமாகக் கேட்கலாம்.

உங்களுக்குப் பொருத்தமானது விவிலியத்தில் உள்ள ரூத்து நூல் என்று நினைக்கிறேன். நாலே அதிகாரம், அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் ஒன்றைப் படித்துவிடலாம். கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி பெத்லகேமுக்குத் திரும்பி, ஆண்டவர் என்னை வெறுங்கையாகக் கொண்டுவந்துவிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறாள். 'அப்படிப் பேசாதே, இது சோதனை' என்று ஒருத்தியும் வாயைத் திறந்ததாக எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதும் வயல் வேலைதான். கடல் பிளக்கவில்லை, வானதூதர் வரவில்லை. வயலோரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விடு என்று லேவியர் நூலில் ஒரு சட்டம் உண்டு. அதை நம்பி மருமகள் ரூத்து கதிர் பொறுக்கப் போகிறாள். வயல்காரர் போவாசு சட்டத்தோடு நிற்கவில்லை. அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லிவைக்கிறார். பொறுக்குகிறவளுக்கு அது பிச்சையாகத் தெரியக்கூடாது. எனக்கு அந்த நூலிலேயே பிடித்த இடம் அதுதான். சாயங்காலம் தட்டிப் பார்த்தால் ஒரு ஏப்பா வாற்கோதுமை, ஏறக்குறைய 22 லிட்டர். அதைப் பார்த்த பிறகுதான் நகோமியின் வாயில் ஆண்டவருக்கு ஒரு நல்ல வார்த்தை வருகிறது.

ஆக, துன்பத்துக்குள்ளே மீட்பு ஒளிந்திருக்கிறது, தோண்டி எடுத்துக்கொள் என்று அந்த நூல் சொல்லவில்லை. துன்பப்பட்டவளின் வீடு தேடி அது ஆள் கையில் வருகிறது. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்களே, அந்த ஆச்சி. சீப்புச் சீடை மாவை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஓரம் ஒட்டுவது எவ்வளவு இடுப்பொடிக்கும் வேலை என்று எனக்குத் தெரியும். ஆச்சி கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம், நம் பங்கேட்டில் அவர் பெயர் இருக்காது. ரூத்தும் மோவாபுக்காரிதான், பெத்லகேமுக்கு அந்நிய நாட்டுக்காரி.

புடம்போடுகிற அக்காவையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த பிசியோதெரபி நாளில் உங்கள் கணவரை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள வரமுடியுமா என்று கேளுங்கள், வருவார். பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் தவணை விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் இருப்பதே அதற்குத்தான்.